லோக்கீ தெருவின் கெட்டில்காரன்

ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில், லோக்கீ தெருவில், சணல் ஆலைச் சங்கு ஊதியதும் மழை கொட்டியது. தலையில் சால்வையோடு ஆலையிலிருந்து ஓடிவந்த ரோசன்னா, கொடியிலிருந்து துணிகளை அள்ளிக்கொண்டு ஓடிய ஒருவன்மேல் மோதினாள். வெள்ளைப் போர்வை சேற்றில் விழுந்தது.

"யோவ்! கண்ணை எங்க வச்சிருக்க?"

"காலையிலேர்ந்து தோச்சதும்மா..." அவன் முனகியபடி தெருவின் எதிர்ப்பக்கம் போய் ஏதோ முணுமுணுத்தான்.

"அயர்லாந்துக் காட்டுப்பூனையா... யாரு, நானா?"

அவன் திடுக்கிட்டான். "அது... எப்படிக் கேட்டுச்சு?"

"தறிச் சத்தத்துல எங்களுக்கு காது எதுக்கு? உதட்டைப் பாத்தே பிடிச்சிடுவோம்."

"ஐயோ... அப்போ கடைசியா சொன்னது?"

"கண்ணு மட்டும் அழகுன்னீங்களே... அதுவா?"

அவனுடைய சாம்பல் நிறக் கண்கள்... நனைந்த இமைகள்... அவன் முகம் சிவந்ததை அவள் அன்றிரவு முழுக்க நினைத்துச் சிரித்தாள்.

அவன் பெயர் ஹெக்டர் ரேனி. அதன்பிறகு தண்ணீர்க் குழாயடியில் தினமும் சந்திப்பு. பத்து வயதில் ஆலைக்குப் போனவனை, பதினெட்டு முடிந்து ஆம்பளைக் கூலி கொடுக்கவேண்டிய நாளில் வெளியே அனுப்பிவிட்டார்கள். இப்போது ஆலைக்குப் போகும் இரண்டு தங்கைகளுக்கு சமைத்து, துவைத்து... அப்படி வீட்டிலிருந்து கெட்டிலில் தேநீருக்கு வெந்நீர் போடும் ஆண்களுக்கு ஊர் வைத்த கேலிப்பெயர் கெட்டில்காரன்.

"என் இடத்துக்குப் பாதிக் கூலியில அயர்லாந்துப் பொண்ணுங்க வந்துட்டாங்க," என்றான் ஒருநாள்.

"அதுல ஒருத்தி நான்தான்..." அவள் குரல் இறங்கியது. "எங்கப்பாவும் வேலை தேடித்தான் எங்க ஊர் கேவன்லேர்ந்து கப்பலேறினாரு. ஆலைக்காரங்க அவரை விட்டுட்டு பொண்ணுங்க எங்களைத்தான் எடுத்தாங்க. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க... பாப்பீங்க."

வந்தான். அப்பா ஃபெலிம் மெக்கேப், இடுப்பில் கட்டிய சமையல் துணியோடு, மாப்பிள்ளையை விசாரிப்பதுபோலக் கரண்டியை நீட்டி விசாரித்தார்.

"உருளைக்கிழங்கு சூப்பு வைப்பீங்களா தம்பி? துணி வெளுக்குமா? சட்டி அடிப்பிடிக்குமா?"

ஹெக்டருக்குச் சுருக்கென்றது. எழுந்துவிட்டான். "பொண்டாட்டி கூலியில உக்காந்து சாப்பிடுற ஆளில்லைங்க நான்!"

"உக்காந்தா?" ஃபெலிம் கொதித்தார். "யாருப்பா உக்காந்தா? காலை அஞ்சு மணியிலேர்ந்து நின்னுட்டே இருக்கேன்!"

ஹெக்டர் கதவைச் சாத்திக்கொண்டு போனான். குழாயடிக்கும் வரவில்லை. மூன்றாம் நாள் அவன் தங்கை வந்து அழுதாள்... திமிங்கில வேட்டைக் கப்பலுக்கு ஆள் எடுக்கிறார்களாம், அண்ணன் போய்விட்டானாம்.

தறியை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள் ரோசன்னா. அரைநாள் கூலி போகட்டும்... துறைமுகத்தில் நீண்ட வரிசை. அவன் மேசைக்குக் கிட்டே போய்விட்டிருந்தான்.

"பனிக்கடல்ல செத்தா பெரிய ஆம்பளையா?"

"சம்பாதிச்சுட்டு வரேன் ரோசன்னா... அப்புறம் தலை நிமிந்து உங்க வீட்டுக்கு..."

"எங்கப்பாவுக்கு வேலை இல்லைன்னு அம்மா ஒருநாளும் அழுததில்ல. அறுவடைக் கூலிக்குன்னு அவர் எங்களை விட்டுட்டுப் போன நாள்லதான் அழுதா." அவள் கண்ணில் நீர் முட்டியது. "கூலி நான் கொண்டு வரேன். ஆலை விட்டு வந்தா... உங்க முகம் பாக்கணும். அவ்வளவுதான்."

"எங்க கோயில் வேற, உங்க கோயில் வேற..."

"நம்ம கல்யாணத்துக்கு அப்பா நேத்தே பாதிரியாரைப் பாத்துட்டாரு. உங்களைத் திட்டிக்கிட்டேதான் போனாரு!"

ஹெக்டர் சிரித்துவிட்டான். பிறகு மெதுவாக, முதன்முதலாக ஒருமையில்... "உன்னைவிட்டு எப்படிப் போறதுன்னுதான் மூணு நாளா தூங்கல, ரோசன்னா. உன் மேல அவ்வளவு பிரியம்."

"பேரைச் சொல்லுப்பா! வரியா, இல்லையா?" மேசைக்காரர் கத்தினார்.

ஹெக்டர் ரேனி ஊரே கேட்கச் சொன்னான்.

"இல்லீங்க... வீட்ல நிறைய வேலை கிடக்கு!"