நல்லம்மாளின் கண்கள்

பிரிக்பீல்ட்ஸில் மழை பிடித்துக்கொண்டது. புஷ்பவல்லி குடையைச் சாய்த்து, ஒரு படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள். எதிரே ஒரு சைக்கிள்... மணியும் இல்லை, பிரேக்கும் இல்லை!

மோதியே விட்டது. குடை ஒரு பக்கம், படம் சேற்றில்.

"கண்ணு தெரியலையாய்யா உமக்கு?"

"மன்னிச்சிருங்கம்மா... இரவல் சைக்கிள்!" பதறிய இளைஞன் படத்தை எடுத்துக் கைக்குட்டையால் அவசரமாகத் துடைத்தான். துடைத்ததுதான் வினை. அது கிள்ளான் ஸ்டூடியோவில் பெரிதாக்கிய படம். எடுக்கும்போது கண் அசைந்து மங்கிப்போனதால், கண்களை மட்டும் ஸ்டூடியோக்காரர் மையால் தீட்டியிருந்தார். அந்த மை முழுக்க இப்போது கைக்குட்டையில்!

"ஐயோ... எங்கம்மாவோட ஒரே படம்!"

அவள் அழுதாள். அழுதுகொண்டே முறைத்தாள். எவ்வளவு பெரிய கண்கள்... இந்த நேரத்திலா இதெல்லாம் தோன்ற வேண்டும் என்று அவன் தன்னையே நொந்துகொண்டான்.

அம்மா நல்லம்மாளைத் தெரியாதவர் பிரிக்பீல்ட்ஸில் கிடையாது. ரயில்வே கூலிகளின் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று வெள்ளைக்காரத் துரையின் அலுவலகத்துக்கே போய் நின்றவள். 'முடியாது' என்று சொல்ல வாயெடுத்த துரையைக் கண் கொட்டாமல் பார்த்தே பள்ளிக்கு இடம் வாங்கியவள். அவள் காலமான பிறகு, மியூசியத்துக் குழு அவளை எண்ணெய் வண்ணத்தில் வரைந்து மாட்ட முடிவு செய்திருந்தது. துரைமார் முகங்களாகவே தொங்கும் சுவரில் முதல் தமிழ்ப்பெண் முகம்! ஓவியரைக் குழுவே அமர்த்தும். ஆனால் குடும்பத்தார் பார்த்து, 'இது அவர்தான்' என்று சொன்னால்தான் படம் சுவர் ஏறும்.

நனைந்தபடி புஷ்பவல்லி மியூசியத்துக்குள் நுழைந்தாள். குழு அமர்த்திய ஓவியரும் வந்தார்... அதே சைக்கிள்காரர்.

"நீங்களா!"

"நானேதான்... கிள்ளான் வாசு."

"நல்லதாப் போச்சு. எங்கம்மா கண்ணு உங்க கைக்குட்டையிலதானே இருக்கு? அதைப் பாத்தே வரைங்க!"

அப்பா நாகையா ரயில்வே குமாஸ்தா. மகள் வீடு திரும்பிச் சொன்னதையெல்லாம் கேட்டார். கோபத்தைவிடப் படம் முக்கியம் அவருக்கு. "மூஞ்சி படத்துல இருக்கு. கண்ணு உன்கிட்ட இருக்கேம்மா... அவ ஜாடைதானே நீ. போய் உக்காரு, நானும் கூட வரேன்" என்றார்.

அம்மாவின் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு வாசுவின் முன்னால் உட்கார்ந்தாள். அப்பா ஒரு மூலையில் பேப்பர் படித்தார்.

"கொஞ்சம் நிமிருங்க..."

"நிமிர்ந்துதான் இருக்கேன்."

"தரையில என்ன விழுந்து கெடக்கு?"

"உங்க மரியாதை!"

வாய்தான் வெடுக்கென்று பேசியது. மனசு அப்படி இல்லை. அவன் பார்வை வந்து விழும்போதெல்லாம் இமை தானாகக் கவிழ்ந்துகொண்டது. சீ... என்ன பெண் நான்?

படம் முடிந்தது. நாகையா நெடுநேரம் பார்த்தார்.

"நல்லாருக்கு தம்பி. ஆனா இது நல்லம்மா இல்ல. அவ யாருக்கும் கண்ணைத் தாழ்த்தினவ இல்ல. இது... எம் பொண்ணு."

குழுத் தலைவரான மியூசியத்துத் துரை உதட்டைப் பிதுக்கினார். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் சுவரில் அந்த இடம் வேறொருவர் படத்துக்கு என்று சொல்லிவிட்டார்.

வாசுவுக்கு முகம் சிவந்தது. "உக்காந்தவங்க நிமிரவே இல்லைங்க. நான் என்ன செய்ய?"

"ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்!" விருட்டென்று வெளியேறினாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. தாழ்த்தியது யார்? நான்தானே? துரைக்கே அஞ்சாத கண்கள், என் வெட்கத்தால் சுவர் ஏறாமல் போவதா? கூடவே கூடாது!

மறுநாள் காலை அப்பாவை வெளி வராந்தாவில் உட்காரவைத்துவிட்டு, வாசு வரையும் அறைக்குள் போனாள்.

"இன்னைக்குக் கண்ணைத் தாழ்த்த மாட்டேன். வரைங்க."

பார்த்தாள்... நேராக. தூரிகை நின்றது. இப்போது அவன்தான் குனிந்துகொண்டான்.

"தரையில என்ன விழுந்து கெடக்கு?" என்றாள்.

"என் தைரியம்ங்க..." மெதுவாகச் சொன்னான். "மழையில அழுதுக்கிட்டே முறைச்சீங்களே, அப்பவே மனசைக் குடுத்துட்டேன். அதான் அவங்களை வரையப் போய் உங்களையே வரைஞ்சிட்டேன். தப்பு என்னோடது. பழியை உங்க மேல போட்டேன்."

இதயம் படபடவென்று அடித்தது. ஆனால் இமை கவிழவில்லை.

"எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு. அதனாலதான் இத்தன நாளும் தரையைப் பாத்தேன். சொல்லிட்டேன்ல, இனி தரையைப் பாக்க மாட்டேன். முதல்ல எங்கம்மா கண்ணை முடிங்க. அப்பறம் எங்கப்பாகிட்ட நேரா வந்து கேளுங்க."

வெள்ளிக்கிழமை படத்தின் மேலிருந்த துணியை விலக்கினார்கள். நாகையா தன்னையறியாமல் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

"இவதான்... இவளேதான்!"

படம் சுவர் ஏறியது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துரைமார், நடுவில் நல்லம்மாள். புஷ்பவல்லி நிமிர்ந்து பார்த்தாள். எங்கம்மா... எங்கம்மா!

வாசு, நாகையாவின் முன்னால் வந்து நின்றான். குனியவில்லை.

"ஐயா, உங்க பொண்ணை எனக்குக் கட்டிக் குடுங்க."

நாகையா அவனைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், கடைசியில் சுவரைப் பார்த்தார்.

"அங்க பாருங்க தம்பி, எப்படிப் பாக்குறா! துரையாலேயே முடியாதுன்னு சொல்ல முடியல... நான் மட்டும் சொல்லிடுவேனா?"