பதினொரு வீட்டு வானம்

தை மாதம் பிறந்தால் நான் மோர்மிளகாய் காயவைப்பேன். ஸ்காபரோவில், எங்கள் வீட்டு டிரைவ்வேயில் பாயை விரித்து, நல்ல வெயிலில். இந்த நகரத்தின் பழைய படங்களைப் பார்த்தவர்கள் நான் கதை விடுவதாக நினைப்பார்கள். அந்தப் படங்களில் தை மாதத்து டிரைவ்வேயில் பனிக்குள் காரே தெரியாது, மிளகாய் எங்கே தெரியப்போகிறது.

இந்த வருடம் மிளகாய் காயவைத்த அன்று காலையும் சுவரிலிருந்த இசைவுப்பலகை வழக்கம்போல இனிமையாகப் பேசியது. வெப்பம் பதினெட்டுப் பாகை, மழை விடியுமுன் பெய்து முடிந்துவிட்டது, நாளைக்கும் இதே வானம் என்றது. முப்பது வருடங்களுக்கு மேலாக அதே குரல்தான். ஒரு நாளாவது அதற்குத் தடிமன் பிடித்து மூக்கடைத்ததில்லை.

ஏரியைச் சுற்றி நிற்கிற மேகவடிக் கோபுரங்கள்தான் இதற்கெல்லாம் காரணம். நகரத்தை நோக்கி வரும் குளிர்காற்றையும் முகில்களையும் அவை வழியிலேயே மறித்து, ஈரத்தை வடித்து ஏரிக்குள் விட்டுவிடும். தேவையான மழை மட்டும் நாங்கள் நித்திரையாக இருக்கும்போது அளந்து வரும். ஆங்கிலத்தில் ஸ்கை ஷீல்ட் என்பார்கள், தமிழில் வான்காப்பு. இது வந்த பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பனி என்றால் ஃபிரீசரின் சுவரில் சுரண்டி எடுக்கிற பொருள். பள்ளிக்கூடங்களில் வான்காப்புக்கு நன்றி சொல்ல ஒரு நாளே ஒதுக்கியிருக்கிறார்கள்.

என் கணவர் துவாரகன் நன்றி சொல்லாத ஆள். எழுபது வயது, ஓய்வுபெற்ற மருந்தாளர், பனிப்பித்து. இந்தப் பித்துப் பிடித்த ஏழெட்டுப் பேர் சேர்ந்து பனிப்புயல் அன்பர் சங்கம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை, தை மாதத்து ஞாயிறு ஒன்றில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் பேஸ்மென்டில் கூடுவார்கள். ஒவ்வொருவரும் எழுந்து நின்று தான் கண்ட ஒரு புயலைச் சொல்லவேண்டும். அங்குலம், சென்டிமீட்டர் என்று வாய் திறக்கக்கூடாது. பனி எவ்வளவு உயரம் வந்தது என்பதைத் தன் உடம்பிலேயே கை வைத்துக் காட்டவேண்டும். இதுதான் சங்கத்து வழக்கம். வருடத்துக்கு வருடம் அந்தக் கை மேலே ஏறிக்கொண்டு போகும். முன்வீட்டுக் கபிஷனுக்கு ஒருகாலத்தில் முழங்காலில் நின்ற புயல் இப்போது நெஞ்சுக்கு வந்துவிட்டது. இன்னும் சில வருடம் விட்டால் அவர் நீந்தித்தான் வீட்டுக்கு வந்தார் என்று கேட்கவேண்டியிருக்கும்.

பழைய புயல்கள் முடிந்ததும் வரப்போகும் புயல்கள் தொடங்கும். வந்தால் எப்படி வரும், எந்தப் பக்கத்துக் காற்று, எந்த ஜன்னலில் நின்று பார்ப்பது என்று கிழவர்கள் சின்னப் பிள்ளைகள் மாதிரிக் கனவு காண்பார்கள். நான் தேநீரும் வடையும் கொண்டுபோய் வைத்துவிட்டு மூலையில் இருந்து கேட்பேன். நக்கலடிப்பேனே தவிர, உள்ளுக்குள் எனக்கும் அந்த ஆசை இருந்தது. பதினெட்டுப் பாகையில் மனிதர் எத்தனை வருடம்தான் இருப்பது.

இந்த வருடம் கனவுக்குக் கால் முளைத்துவிட்டது. தெற்கே காற்றழுத்தம் குறைந்து பெரிய தாழமுக்கம் ஒன்று உருவாகி எங்கள் பக்கம் ஏறி வருவதைக் கபிஷன் கண்டுபிடித்தார். வழமையாக அது ஏரிக்கரையிலேயே முடிந்துவிடும். ஆனால் வான்காப்புச் சட்டத்தில் ஒருவரும் தொடாத ஒரு பிரிவு இருக்கிறது. ஒரு வட்டாரத்திலுள்ள எல்லா வீடுகளும் பலகையில் கை வைத்து இசைந்தால், அந்த வட்டாரத்துக்கு மேலே மட்டும் ஒரு வானச்சாளரம் திறக்கவேண்டும். ஒரு வீடு மறுத்தாலும் திறக்காது. திறந்த பிறகு ஒரு வீடு பயந்து பலகையில் கை வைத்தாலும் உடனே மூடிவிடும். பெரும்பான்மை என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

எங்கள் வட்டாரம் என்பது கிரெசென்ட் என்கிற ஒரு வளைவுத் தெரு, அதில் பதினொரு வீடுகள். துவாரகனும் கபிஷனும் வீடு வீடாகப் போய்ப் பத்து வீடுகளை வளைத்துவிட்டார்கள். சீனத்துத் தம்பதி தங்கள் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டவென்று இசைந்தார்கள். பிலிப்பினோக் குடும்பம் படம் எடுக்கலாம் என்று இசைந்தது. சிலர் இந்த இரண்டு கிழவர்களின் கரைச்சல் தாங்காமலே கை வைத்தார்கள். மிஞ்சியது மூலைவீடு. அங்கே யாதவி தனியாக இருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும், ஆஸ்பத்திரியில் வேலை, வந்து மூன்று வருடம், தலையசைப்புக்கு மேல் பழக்கமில்லை. அவள் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

சங்கக்காரர்கள் கூடி ஒரு முடிவு எடுத்தார்கள். வேறு யாராக இருந்தாலும் பாதுகாப்பு விவரம் சொல்லியிருப்பார்கள், வைத்திய உதவி பற்றிச் சொல்லியிருப்பார்கள். இவர்கள் அவளைக் கூட்டத்துக்கு அழைத்தார்கள். நல்ல புயல் ஒன்றைக் கேட்டால் யாருக்குத்தான் மனம் இளகாது என்று உண்மையாகவே நம்பினார்கள்.

அவள் வந்தாள். துவாரகன் தன் கையிருப்பிலேயே சிறந்த புயலை எடுத்தார், இரண்டாயிரத்து நாற்பத்தேழாம் ஆண்டுப் பெரும்புயல். மார்பில் கை வைத்து உயரம் காட்டினார், காற்றின் சத்தத்தை வாயாலேயே போட்டுக் காட்டினார். பிறகு எல்லோரும் காத்திருக்கும் இடம் வந்தது. பஸ் பனியில் சிக்கியதால் அதன் டிரைவர் இறங்கி நடக்கிறார், நடைபாதை கொஞ்சம் உயரமாக இருக்கிறதே என்று யோசிக்கிறார், கீழே பார்த்தால் அவர் நிற்பது ஒரு நீலக் காரின் கூரையில். ஒவ்வொரு வருடமும் போல அன்றைக்கும் பேஸ்மென்ட் முழுக்கச் சிரித்தது.

யாதவி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். அந்தக் கார் எந்தச் சந்தியில் நின்றது என்று கேட்டாள். துவாரகன் உற்சாகமாகச் சந்தியின் பெயரைச் சொன்னார்.

“அது என்ரை அப்பான்ரை கார்,” என்றாள் அவள். “அந்த டிரைவர் மேலை நடக்கேக்கை அவர் உள்ளுக்கைதான் இருந்தவர்.”

குரல் உயரவே இல்லை. தேநீருக்கு நன்றி சொல்லிவிட்டுப் படியேறிப் போனாள். கபிஷன் கையிலிருந்த வடையைத் திரும்பத் தட்டில் வைத்தார். வான்காப்பைக் கொண்டுவந்த சட்டத்துக்கு, அந்தப் புயலில் காருக்குள் புதைந்து இறந்த ஒரே மனிதரின் பெயரால், ஊரில் தவரூபன் சட்டம் என்று பெயர். மாரிக் குளிர்காலம் தொடங்கும்போதெல்லாம் பலகையில் அந்த மனிதரின் படம் வரும், பனிக்கு இனி ஒருவரையும் பலிகொடுக்க மாட்டோம் என்று எழுத்து ஓடும். நாங்களும் பார்த்துவிட்டுச் சமையலுக்குப் போவோம். அந்தப் புயலில் புதைந்த கார்கள் நூற்றுக்கணக்கு. பஸ் டிரைவர் நின்றது யாதவியின் அப்பா தவரூபன் இருந்த அந்த ஒரு காரின் மேல்தான் என்பது யாருக்குத் தெரியும்.

துவாரகன் அன்றிரவு சாப்பிடவில்லை. அடுத்த நாள் காலை என்னையும் கூட்டிக்கொண்டு மூலைவீட்டுக்குப் போனார். சாளரம் வேண்டாம் என்று வான்காப்பு அலுவலகத்துக்கு எழுதப்போகிறோம், சங்கத்தையும் கலைக்கிறோம் என்று வாசலில் நின்றபடியே சொன்னார். கண் கலங்கியிருந்தது. அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை, எனக்குத் தாங்கவில்லை.

யாதவிக்கு வந்தது கோபம்.

“நான் எப்ப அங்கிள் ஸ்நோ வேண்டாமெண்டு சொன்னனான்? நீங்கள் சிரிச்சது எனக்கு நொந்தது. அது வேறை.” எங்களை உள்ளே வரச் சொல்லக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. “அண்டைக்குக் காலமை அப்பா வேலைக்கு வரேலாதெண்டு திருப்பித் திருப்பி ஃபோன் எடுத்தவர். வராட்டி வேலையில்லை எண்டு சொல்லிப்போட்டாங்கள். அந்த வேர்ஹவுஸ்காரரை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. வானத்தைப் பிடிச்சு மறியல்லை போட்டுப் பூட்டினாங்கள்.”

அவள் மூச்சு வாங்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: “என்ரை அப்பான்ரை பேரைச் சொல்லிப் பூட்டினவங்கள், எங்களை ஒரு வார்த்தை கேக்காமல். திறக்கிறதெண்டால் நான்தான் திறக்கவேணும்.”

அவள் எங்கள் கண்முன்னாலேயே பலகையில் கை வைத்தாள். சில நிமிடங்களில் வான்காப்பு அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி அழைத்தார். மிகவும் பணிவாகப் பேசினார். தவரூபனின் மகளே சாளரத்துக்கு இசைவது நாட்டுக்கு என்ன செய்தி சொல்லும் என்று கவலைப்பட்டார், இது துக்கத்தில் எடுத்த முடிவாக இருக்கலாம், மனநல ஆலோசகர் ஒருவரை இலவசமாக அனுப்புகிறோம் என்றார். துக்கம் முப்பத்தேழு வருடமாக இருக்கிறது, முடிவு இன்றைக்குத்தான் எடுத்தேன் என்று யாதவி பதில் சொன்னாள். அப்பாவின் படத்தைப் பலகையிலிருந்து எடுக்கமுடியுமா என்று அவள் திருப்பிக் கேட்டபோது, அது தன் துறையில் வராது என்று அவர் ஃபோனை வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை மத்தியானம் கோபுரங்கள் எங்கள் கிரெசென்ட்டையும் அதன் பின்னாலுள்ள காட்டுப் பள்ளத்தாக்கையும் கைவிட்டன. சுற்றிவர நகரம் வெயிலில் கிடக்க, எங்களுக்கு மேலே மட்டும் வானம் சாம்பல் நிறத்தில் குளிரோடு இறங்கியது. முதல் துகள்கள் விழுந்தபோது பதினொரு வீட்டாரும் வெளியே நின்றார்கள். கபிஷன் குலுங்கிக் குலுங்கி அழுதார். சீனத்துக் கிழவர் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றார். எனக்கு வாய் முழுக்கச் சிரிப்பு, காரணமே தெரியவில்லை. மறந்துபோயிருந்த ஒரு மணம் மூக்கில் ஏறியது, அதற்கு இப்போதும் என்னிடம் சொல் இல்லை.

கொண்டாட்டம் இரண்டு மணித்தியாலம்கூட நீடிக்கவில்லை. காற்று எழும்பியதும் எல்லோரும் உள்ளே ஓடினோம். அதன் பிறகு வந்தது பேஸ்மென்டில் வாயால் போட்ட சத்தம் அல்ல. கூரை முனகியது. ஜன்னல்கள் ஒவ்வொன்றாக வெள்ளையாகி அடைத்துக்கொண்டன. முன்வீடு மறைந்தது, பிறகு எங்கள் வேலியும் மறைந்தது. உள்ளே இருந்து பார்க்க, உலகத்தில் எங்கள் வீடு ஒன்றைத் தவிர வேறு வீடே இல்லை போலிருந்தது. பக்கத்தில் யாருக்கு என்ன நடக்கிறது என்று அறிய வழியில்லை, தொலைபேசியும் இழுத்து இழுத்து நின்றுவிட்டது.

பலகை மட்டும் நன்றாக வேலை செய்தது. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை அதே இனிமையான குரலில் கேட்டது: அச்சமாக இருக்கிறதா? கை வையுங்கள், வானத்தை மூடிவிடுகிறோம்.

துவாரகன் எழுந்து பலகைக்கு அருகில் போய் நின்றார். வாழ்நாள் முழுக்க இந்த நாளுக்காகக் காத்திருந்த மனிதர். முகத்தில் இரத்தமே இல்லை. எனக்கும் பயம், அதனால் அவரைக் கேலி செய்ய வாய் வரவில்லை.

“காணும், மூடுவம் ஆரணி,” என்றார். “ஆராவது செத்துப்போனால் பேந்து என்ரை பேரிலை ஒரு சட்டம் வரும்.”

யாதவி கை வைத்துத் திறந்த சாளரத்தை அவளைக் கேட்காமல் மூடுவதற்கு உங்களுக்கு உரிமை இல்லை என்றேன். உரிமை இருக்கிறது, ஒரு வீடு போதும் என்றுதானே சட்டம் சொல்கிறது என்றார். அவர் சொன்னது சரி. அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் எங்களை நன்றாக அறிந்துதான் எழுதியிருக்கிறார்கள். மனிதரைத் தனித்தனி வீட்டில் வைத்து, தனித்தனியாகப் பயமா என்று கேட்டால், பதினொரு பேரில் ஒருவர் கட்டாயம் கை வைப்பார். அந்த ஒருவர் பனிப்புயல் அன்பர் சங்கத்தின் தலைவராக இருப்பார் என்று மட்டும் நான் நினைக்கவில்லை. அவர் கையை உயர்த்தினார்.

கதவு தட்டப்பட்டது.

நான் பலங்கொண்ட மட்டும் இழுத்துத் திறந்தேன். யாதவி நின்றாள். புருவத்திலும் கழுத்துச் சால்வையிலும் பனி அப்பியிருந்தது, இடுப்பில் ஒரு கயிறு கட்டியிருந்தாள். கயிற்றின் மறுமுனையைப் பக்கத்து வீட்டுப் பிலிப்பினோப் பெண் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் அவளுடைய கணவன். மூவருக்கும் மூச்சிரைத்தது.

எல்லோரும் சரியா, வீடு சூடாக இருக்கிறதா என்று யாதவி கேட்டாள். நான் தலையாட்டினேன். அப்போதுதான் அவள் துவாரகனையும் அவருடைய கையையும் பார்த்தாள். நான் அவள் கத்தப்போகிறாள் என்று நினைத்தேன்.

“எனக்கும் பயம்தான் அங்கிள்,” என்றாள். “அண்டைக்கு அப்பான்ரை காருக்குப் பக்கத்திலை நிறைய வீடு இருந்தது. எல்லாரும் ஜன்னலாலை பாத்துக்கொண்டு இருந்தவை. ஒருத்தரும் வெளியிலை வந்து ஒரு கண்ணாடியைத் தட்டிப் பாக்கேல்லை.” சால்வையை வாய்க்கு மேலே இழுத்துவிட்டாள். “இதோடை நாலு வீடு பாத்திட்டம், இன்னும் ஆறு வீடு கிடக்கு. வாறியளோ?”

காற்று கதவின் வழியாக உள்ளே புகுந்து கம்பளத்தில் பனியைக் கொட்டியது. துவாரகன் கையை இறக்கினார். உள்ளே போய், இருந்த சட்டைகளையெல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு வந்தார். நானும் ஒரு போர்வையைச் சுற்றிக்கொண்டு அந்தக் கயிற்றைப் பிடித்தேன்.

நாங்கள் வாசலைத் தாண்டும்போது பலகை மறுபடியும் கேட்டது, அச்சமாக இருக்கிறதா என்று.

“ஓம், பயமாத்தான் கிடக்கு,” என்று அதற்குப் பதில் சொன்ன துவாரகன், கதவை வெளியிலிருந்து இழுத்துச் சாத்தினார்.