இருபது நிமிடத் தண்ணீர்

பட்டறையில் அவளை எல்லாரும் ‘கேள்வி’ என்றுதான் கூப்பிடுவார்கள். பத்து வயதுக்குள் அத்தனை கேள்விகள் கேட்டுவிட்டாள். பள்ளி விட்டதும் நேராக அந்தக் கார் கழுவும் பட்டறைக்கு வந்துவிடுவாள். அம்மாவுக்கும் மாமாவுக்கும் அங்கேதான் வேலை.

இரும்புச் சக்கரங்களில் அப்பியிருக்கும் கறுப்புப் பிசுக்கைச் சாதாரண சோப்பு அசைக்காது. அதற்காக அம்மா காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கரைப்பாள். பார்த்தால் கல்லுப்பு மாதிரி வெள்ளையாக, சாதுவாக இருக்கும். தோலில் பட்டால் புண்ணாக்கிவிடும். ‘முதலில் தண்ணீர், பிறகு சோடா, அதுவும் சிறிது சிறிதாக’ என்று மூட்டையில் அச்சடித்திருந்தது. கேள்வி அதை ஓர் எழுத்து விடாமல் படித்திருந்தாள். படிக்க அங்கே வேறு என்ன இருக்கிறது?

அன்று மூன்று கார்கள் வரிசையில் நின்றன. ஒரு கார்க்காரர் ஹாரனை விடாமல் அடித்தார். அவசரத்தில் அம்மா காலி வாளியில் சோடாவைக் கொட்டிவிட்டு, அதன்மேல் குழாயைத் திறந்தாள். அவளுடைய பாதுகாப்புக் கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருந்தது. பாவம், அது நெற்றியைத்தான் காத்தது.

வாளி சடசடவென்று கொதித்து, அம்மாவின் ஒரு கண்ணில் தெறித்தது.

“ஐயோ! என் கண்ணு!”

மாமா வினிகர் கேனோடு ஓடிவந்தார். சோடாத் தண்ணீர் தரையில் சிந்தினால் வினிகர் ஊற்றித் துடைப்பது அவர் வழக்கம்.

“தலையத் தூக்குக்கா! இத ஊத்தினா அடங்கிடும்!”

கேள்வி குறுக்கே பாய்ந்தாள். “வேண்டாம் மாமா! அது தரைக்கு. கண்ணு தரையில்ல! இருபது நிமிஷம் வெறும் தண்ணிதான் விடணும்னு மூட்டையில போட்டிருக்கு.”

“சின்னப் பிள்ளை, உனக்கென்ன தெரியும்? தள்ளு!”

“தள்ளமாட்டேன்!”

அவள் கால் நகரவில்லை. மாமா அவளைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார், கேனைக் கீழே வைத்தார்.

கேள்வி அம்மாவை முக்காலியில் உட்காரவைத்தாள். கெட்ட தண்ணீர் நல்ல கண்ணுக்குள் போய்விடாதபடி தலையைச் சாய்த்தாள். ரப்பர் குழாயில் தண்ணீரை மெதுவாக விட்டாள்.

“இமையத் திறந்து பிடிச்சுக்கோம்மா.”

கண் செக்கச்செவேலென்று இருந்தது. இந்தக் கண் இனித் தன்னைப் பார்க்காமலே போய்விடுமோ என்று கேள்வி பயந்தாள்.

“போதும்டி, எரிச்சல் குறைஞ்சிடுச்சு.”

“அஞ்சு நிமிஷம்தான் ஆச்சு. இருபது ஆகணும்.”

ஹாரன்காரர் வந்துவிட்டார். “என் வண்டி என்ன ஆச்சு?”

“நீங்களே கழுவிக்குங்க!” என்று மாமா சீறினார்.

அம்மாவின் கண்ணைப் பார்த்ததும் ஹாரன்காரரின் குரல் இறங்கியது. “அடடா... ஏறுங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்.”

“இன்னும் பதினோரு நிமிஷம் இருக்கு,” என்றாள் கேள்வி.

ஹாரன்காரர் கார்க் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு காத்து நின்றார். அவள் விரல்கள் மரத்துப்போயின. தண்ணீர் ஓடியது. மாமா மூட்டையின் அச்சுப் பகுதியை டாக்டரிடம் காட்டுவதற்காகக் கிழித்து வைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நிறம் மாறும் ஒரு சின்னக் காகிதத்தைக் கண்ணோரம் வைத்துப் பார்த்தார். “இன்னும் காரம் இருக்கு,” என்று மறுபடி கழுவினார். வினிகர் பற்றி மாமா தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“ஊத்தியிருந்தா கண்ணு இன்னும் வெந்திருக்கும். தண்ணி விட்டது யாரு?”

மாமா கேள்வியின் தலைமேல் கைவைத்தார்.

“பார்வை எவ்வளவு மிஞ்சும்னு நாலு நாள் கழிச்சுத்தான் தெரியும்,” என்றார் டாக்டரம்மா.

அந்த நான்கு நாளும் கேள்வி எதுவுமே கேட்கவில்லை. சாப்பாடும் இறங்கவில்லை.

ஐந்தாம் நாள் கண்ணில் போட்டிருந்த கட்டை அவிழ்த்தார்கள். அம்மா நல்ல கண்ணைக் கையால் மூடிக்கொண்டாள். மற்ற கண் கலங்கிக் கலங்கி இமைத்தது.

“தெரியுதாம்மா?”

அம்மா வெகுநேரம் பார்த்தாள். “பனி மூடின மாதிரி இருக்கு...”

மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“இரு, இரு. கிட்ட வா,” என்றாள் அம்மா. “ஏன்டி, சட்டைப் பித்தானை ஒண்ணு மாத்தி ஒண்ணு போட்டிருக்கே?”

கேள்வி குனிந்து பார்த்தாள். ஆமாம், மாற்றித்தான் போட்டிருந்தாள்.