ரோட்டில் விரித்த கொள்ளு

சடாரென்று பிரேக் அடித்தான் ஹனுமந்தராயா. பஸ் குலுங்கி நின்றது. துமகூரிலிருந்து பாவகடா போகும் சாலையை அடைத்துக்கொண்டு காய்ந்த கொள்ளுச் செடி விரித்துக் கிடந்தது.

நடுவே ஒரு பெண். கையில் கவைக்கொம்பு... கண்ணில் நெருப்பு.

"ஏம்மா, ரோடு என்ன உங்கப்பன் வீட்டுதா?"

"ஏறிப் போய்யா! சக்கரம் ஏறினாத்தான் கொள்ளு உதிரும். மத்த வண்டியெல்லாம் போகல?"

"போன வருஷம் இந்தக் கொடி அச்சுல சுத்திப் பத்திக்கிச்சு. அம்பது பேரைக் கண்ணாடிய உடைச்சு இறக்கினேன். தெரியுமா உனக்கு?"

"அதுக்கு நான் என்ன பண்ண?"

இறங்கினான். இரண்டு கையாலும் வாரி வாரிப் பள்ளத்தில் எறிந்தான். அவள் தடுக்கவில்லை. அந்தப் பெரிய கண்களால் பார்த்துக்கொண்டே நின்றாள். அழவும் இல்லை. அழுதிருந்தால் மறந்திருப்பான்...

பஸ் நகர்ந்ததும் கண்டக்டர் மல்லேசப்பா வாயைத் திறந்தார். "சௌபாக்யான்னு பேரு. அவங்க களம் இருந்த இடத்து மேலதான் இப்ப நீ ஓட்டிட்டு இருக்கே. ரோட்டை அகலமாக்கினப்ப போயிருச்சு. அப்பன் படுத்த படுக்கை. இந்த வருஷம் அந்த வீட்டுக்கு இருக்கறது இந்தக் கொள்ளு ஒண்ணுதான்."

"முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீ எங்க காது குடுத்தே?"

மறுநாள் கொள்ளு மறுபடி ரோட்டில் கிடந்தது. அவள் பக்கத்தில் பஸ்ஸை மெதுவாக்கினான். மன்னிப்பு கேட்கத்தான். ஹாரனை மட்டும் அடித்துவிட்டு, செடி மேல் ஏறாமல் ஓரத்து மண்ணில் பஸ்ஸை இறக்கி ஓட்டிப் போனான்.

திமிர் பிடிச்சவன், என்று பல்லைக் கடித்தாள் சௌபாக்யா. எதுக்கு இப்படிப் பார்க்கிறான்... சரி, அவன் வர்ற நேரம் எனக்கு எதுக்கு ஞாபகம் இருக்கு?

மூன்றாம் நாள் லாரி ஸ்டிரைக். காலையிலிருந்து ஒரு சக்கரம் ஏறவில்லை. கிழக்கே மேகம் கருத்துத் திரண்டது. நனைந்தால் அத்தனையும் முளைத்துப் பாழ். ஒற்றை ஆளாய்க் கம்பால் அடித்துக்கொண்டிருந்தாள், வானத்தையும் சேர்த்துத் திட்டியபடி.

பஸ் வந்து நின்றது.

"எல்லாரும் இறங்குங்க!"

"யோவ், கல்யாணத்துக்குப் போகணும்யா!"

"கால் மணி நேரம். திட்டறதைக் கீழ நின்னு திட்டுங்க."

காலிப் பஸ்ஸைச் செடி மேல் ஏற்றினான். முன்னால்... பின்னால்... மறுபடி முன்னால். ஏழாவது தடவை அடியில் புகை வந்தது.

"நிறுத்துய்யா! பைத்தியமா உனக்கு?"

இன்ஜின் அணைந்ததும் அரிவாளோடு அடியில் புகுந்தாள். மறுபக்கத்திலிருந்து அவனும் ஊர்ந்து வந்தான். அவள் அறுத்தாள், அவன் இழுத்தான். கை சுட்டது. இருமலுக்கு நடுவே முகத்துக்கு முகம்.

"சுத்திக்கும்னு தெரிஞ்சே எதுக்கு ஏத்தினே?"

"அன்னிக்கு எறிஞ்சேன்ல..."

"மன்னிப்பு கேக்க வாய் இல்லையா?"

"வரல! மூணு நாளா ராகிக் களி ஒரு வாய் இறங்கல. உன் மேல கோபம்னு நெனச்சேன். கோபம் இல்ல, சௌபாக்யா... உன்னைப் புடிச்சிருக்கு. போதுமா?" கத்தியே சொன்னான்.

முதல் துளி தாரில் விழுந்து தெறித்தது. வெளியே பயணிகள் அவனைத் திட்டிக்கொண்டே கொள்ளைக் கூட்டித் தார்ப்பாயில் அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

அவள் இமையெல்லாம் புழுதி. அதையும் மீறிக் கண்ணில் நீர் கட்டியது. அந்தக் கண்ணீர் மேலும் கோபம் வந்தது அவளுக்கு.

"பஸ்ஸுக்கு அடியிலயா படுத்துட்டு இதைச் சொல்லுவாங்க?"

"வேற எங்க வெச்சு நீ என் பேச்சைக் கேட்டே?"

"எனக்கும்தான் மூணு நாளா கையில வேலை ஓடல. சந்தோஷமா?... வெளிய வாய்யா முதல்ல, கொள்ளு நனையுது!"