பூஜ்யத்தில் வைத்த பிறகும்

பாட்டு நின்றுவிட்டது. தட்டுகிற சத்தம் மட்டும் நிற்கவில்லை.

பாட்டுக்காரர் ஸ்டீரியோ ரிசீவரின் வால்யூம் குமிழை இடப்பக்கம் முழுசாகத் திருப்பிப் பூஜ்யத்தில் வைத்திருந்தார். அதற்குக் கீழே இறங்க இடமில்லை. வயலின் அடங்கி, பாடினவளின் குரல் அடங்கி, ஸ்பீக்கரின் மெல்லிய இரைச்சல்கூட அடங்கிய பிறகு, அந்த வெறுமைக்குள்ளிருந்து அது வந்துகொண்டிருந்தது. டிக் டிக். கொஞ்சம் விட்டு, டிக். இரும்பில் சின்னதாக ஏதோ மோதுகிற மாதிரி. அவசரமே இல்லாமல்.

"தூசிதான்" என்றார் வாய்விட்டு. கேட்பதற்கு வீட்டில் ஆளில்லை.

தெருவில் அவருக்குப் பாட்டுக்காரர் என்று பெயர். அவர் பாடுவார் என்பதால் இல்லை. அவர் வீட்டு ரிசீவர் பாடுவது நாலு வீடு தள்ளிக் கேட்கும் என்பதால். வாழ்நாள் பூராவும் ரேடியோவும் டேப் ரிக்கார்டரும் பிரித்து மேய்ந்த மெக்கானிக். சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரர்தான். மரப்பெட்டியும் வெள்ளி முகப்புமாக, தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்கிற அந்தப் பழைய ரிசீவரைக் கைக்குழந்தை மாதிரி துடைத்துத் துடைத்து வைத்திருந்தார். அந்தக் கரிசனத்தில் கால்வாசி பெண்டாட்டிக்குக் கிடைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

செல்போன் அடித்தது. மகள்.

"அப்பா, சாயங்காலம் வந்துடறேன். ரெண்டு நாள் உங்ககூட இருந்துட்டுப் போறேன்."

"எதுக்கும்மா உனக்குச் சிரமம்?"

"அம்மா ரூம்ல எல்லாம் போட்டது போட்டபடி கிடக்குதில்ல. நீங்க தனியா என்ன பண்ணுவீங்க?" அவள் குரல் தாழ்ந்தது. "அது என்னப்பா சத்தம், பின்னாடி?"

அவர் ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். "ரிசீவர் ரிப்பேர்மா. வால்யூம் கரகரங்குது."

"ஓ" என்றாள். ஆனால் உடனே போனை வைக்கவில்லை. காதில் வைத்தபடியே இருந்தாள். மூச்சு கேட்டது.

அவளுக்கு அந்தச் சத்தம் தெரியாமல் எப்படி இருக்கும்? அம்மா படுத்த படுக்கையாகிப் பேச்சும் போன பிறகு, லீவு கிடைத்த போதெல்லாம் ஓடி வந்து கட்டிலோரம் உட்கார்ந்தவள் அவள்தான். வாய் திறந்து கூப்பிட முடியாத அம்மா, வற்றிப்போன விரலில் தளர்ந்து கிடந்த மோதிரத்தால் கட்டிலின் இரும்புக் குழாயைத் தட்டுவாள். டிக் டிக், டிக். தண்ணீர் வேண்டுமென்றாலும் அதுதான், புரட்டிப் படுக்க வைக்கச் சொன்னாலும் அதுதான். மகள் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவாள். புருஷன் வரமாட்டார். "ஓயாமத் தட்டி உயிரை வாங்குறா" என்று முணுமுணுத்துக்கொண்டே வால்யூமைக் கூட்டுவார். அவள் தட்டத் தட்ட இவர் கூட்டுவார். அப்படியும் ஒரு மனுஷன். கடைசி மத்தியானம் குமிழ் வலப்பக்கம் முட்டி நின்றது. பாட்டெல்லாம் கேட்டு முடித்து, சோம்பல் முறித்து, எழுந்து போய்ப் பார்த்தபோது அவள் கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. குழாயில் அந்த ஓரிடத்தில் பெயிண்ட் உரிந்து இரும்பு பளபளத்தது.

"தூக்கத்துலயே போயிட்டா. ஒரு சத்தம் இல்ல" என்று மகளிடம் சொன்னார். அவள் நம்பினாள். அவருக்கென்று இனி இருப்பது அந்த மகள் ஒருத்திதான். அவள் உள்ளே வந்து இந்தத் தட்டலை ஒரு தடவை சரியாகக் கேட்டுவிட்டால் போதும், அம்மா கடைசிவரை கூப்பிட்டது தெரிந்துவிடும், அவளும் இல்லை. அணைத்து வைத்தாலும் "ஏம்ப்பா பாட்டு இல்ல?" என்று அவளே போட்டுவிடுவாள். அதற்குள் இதைச் சரிசெய்தாக வேண்டும்.

வேலை முடியாமல் அவள் பாட்டுக்கு உள்ளே வந்துவிடக் கூடாது என்று வாசற்கதவை உள்தாழ்ப்பாள் போட்டார். ரிசீவரை மேசைக்குத் தூக்கி மேல்மூடியைக் கழற்றினார். சூடேறிய தூசியும் பழைய ஈயப்பற்றும் கலந்த, அவருக்குப் பழகிய வாசனை வந்தது. அதற்கு அடியில் இன்னொரு வாசனையும் வந்தது. படுக்கைப் புண்ணுக்குப் போடுகிற களிம்பின் வாசனை. அவர் கொல்லைப்பக்க ஜன்னலைத் திறந்து வைத்தார். வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது.

கரண்ட் ஓடுகிற செட்டில் கை வைக்கும்போது இடது கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வது அவர் தொழில் பழக்கம். ஒரு கையில் ஷாக் அடித்தால் உதறிவிட்டுத் திட்டலாம். இரண்டு கையும் உலோகத்தில் இருந்தால் கரண்ட் நெஞ்சைக் குறுக்கே கடந்து போகும். அப்படியே இடது கையைப் போட்டுக்கொண்டு, வலது கையால் வால்யூம் கன்ட்ரோலுக்குள் கிளீனரைப் பீய்ச்சினார். உள்ளே ஒரு கரித்தடம், அதன் மேல் ஊர்கிற ஒரு முள், அவ்வளவுதான் சங்கதி. தடத்தில் அழுக்கு சேர்ந்தால் கரகரக்கும். குமிழை இப்படியும் அப்படியும் பத்துப் பதினைந்து தடவை திருப்பிவிட்டு, பாட்டைக் கூட்டினார். கரகரப்பு போய்ச் சுத்தமாக வந்தது. தட்டல் இல்லை. அவருக்குச் சிரிப்பு வந்தது.

குறைத்தார். பாட்டு இறங்க இறங்கத் தட்டல் ஏறியது. இன்னும் குறைத்தார். இன்னும் ஏறியது. பூஜ்யத்தில் அது அறையை நிறைத்துக்கொண்டு நின்றது, தலைமாட்டில் யாரோ உட்கார்ந்து தட்டுகிற மாதிரி.

கன்ட்ரோலின் கால்களை மாற்றிப் பற்றவைத்தால் இப்படித் தலைகீழாக வேலை செய்யும். ஆனால் இதை அவர் கையாலேயே பற்றவைத்திருந்தார். மீட்டர் வைத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. மறுபடியும் பார்த்தார். எல்லாம் சரி என்றது மீட்டர். டிக் டிக் என்றது ஸ்பீக்கர்.

"என்னடி வேணும் உனக்கு?"

கேட்டுவிட்டுத் தானே திடுக்கிட்டார். தட்டல் நின்றது. ஜன்னல் கதவு ஒருமுறை அசைந்தது. பிறகு, முன்னைவிட வேகமாக, டிக் டிக், டிக். டிக் டிக், டிக். கடைசி மத்தியானத்தின் வேகம். அதை அவர் பாட்டுக்கு அடியில் கேட்டிருந்தார். கேட்கவே இல்லை என்று தனக்குத்தானே எத்தனை தடவை சொல்லிக்கொண்டாலும், கேட்டுத்தான் இருந்தார்.

கட்டரை எடுத்து ஒயர்களை ஒவ்வொன்றாக வெட்டினார். கன்ட்ரோல் தனியாகக் கழன்று அவர் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. நிசப்தம். அப்பாடா என்று மூச்சு விட்டார்.

உள்ளங்கையில் ஏதோ குறுகுறுத்தது.

கன்ட்ரோலின் தண்டு திரும்பிக்கொண்டிருந்தது. தானாக. மெதுவாக. வலப்பக்கம்.

செட்டோடு ஒரு ஒயரும் சேராத கன்ட்ரோல் திரும்பத் திரும்பப் பாட்டு ஏறியது. தட்டலும் ஏறியது. அவர் அதை உதறி எறிந்தார். நிற்கவில்லை. ஸ்பீக்கர் ஒயர். அதைப் பிடுங்கினால் போதும். வலது கை உள்ளே போனது. ஒயர் இறுகியிருந்தது. வரவில்லை. சத்தம் காதைக் கிழித்தது. புத்தி கலங்கியது. இடது கை பாக்கெட்டை விட்டு வெளியே வந்து, செட்டின் இரும்பு விளிம்பை இறுகப் பற்றியது.

வெளிச்சம். அப்புறம் தரை.

மேசைக்கும் சுவருக்கும் நடுவே கிடந்தார். கண் தெரிந்தது. காது கேட்டது. கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. நாக்கு கட்டையாகக் கிடந்தது. தட்டல் நின்றுபோயிருந்தது. பாட்டு மட்டும் சன்னமாக ஓடிக்கொண்டிருந்தது.

காலிங் பெல்.

"அப்பா."

அவள் வந்துவிடக் கூடாதே என்று மத்தியானம் பூராவும் தவித்தவர், இப்போது அந்தக் குரலைக் கேட்டு அழுதார். கூப்பிட்டார். ஒரு முனகல் வந்தது. முனகலின் மேல் பாட்டு ஏறியது. அவர் வாயை மூடினார். பாட்டு இறங்கியது. வெளியே பேசுவது தெளிவாகக் கேட்டது.

"உள்ள தாழ்ப்பாள் போட்டிருக்குக்கா. பாட்டு கேக்குது, அப்பா இருக்காரு."

"பாட்டு போட்டுட்டா உங்கப்பாவுக்கு இடி விழுந்தாலும் தெரியாது." அது பக்கத்து வீட்டுக்காரி. "மழை வேற வருது. வா, எங்க வீட்ல உக்காரு. பாட்டு நின்னதும் வந்து கூப்பிட்டுக்கலாம்."

"சரிக்கா. கேக்கட்டும், பாவம். அம்மா போனதுக்கப்புறம் அவருக்கு அது ஒண்ணுதான் துணை."

போகாதே. உயிரையெல்லாம் திரட்டிக் கத்தினார். பாட்டு எழும்பி ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மகளின் காலடி படியிறங்கிப் போனதுகூட அவருக்குக் கேட்கவில்லை.

முகத்துக்கு ஒரு சாண் தள்ளி, வெட்டுப்பட்ட ஒயர் நுனிகளோடு கன்ட்ரோல் தரையில் கிடந்தது. மேசைக்கடியில் இருந்த இருட்டிலிருந்து நீண்ட இரண்டு விரல்கள் அதன் தண்டைப் பிடித்திருந்தன. எலும்பும் தோலுமான விரல்கள். அவர் முனகும்போதெல்லாம் அவை கொஞ்சம் திருப்பின. நிதானமாகத் திருப்பின. தண்டு கடைசிக்குப் போய் முட்ட இன்னும் நிறைய இடமிருந்தது.