பாப்பா சாப்டுட்டா

குழந்தையின் வாயில் ரசம் சோறு வாசனை அடித்தது. இசைவாணி இன்னும் குக்கரையே திறக்கவில்லை.

"என்னடி சாப்ட?"

இரண்டு வயது நிறைமதி உதட்டை நக்கிக்கொண்டு சிரித்தாள். "ம்மா ஊட்டுச்சு."

சிதம்பரத்தில் இந்த மாடி வீட்டுக்குக் குடி வந்து ஒன்பது நாள்தான் ஆகிறது. கணவன் ராஜவேல் விடியற்காலை பஸ்ஸைப் பிடித்துக் கடலூருக்கு வேலைக்குப் போனால், விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவான். அதுவரை அவளும் பிள்ளையும்தான். ஒரு வாய் சோற்றுக்கு ஒரு மணி நேரம் பின்னாலேயே ஓட வேண்டும், துப்பியதைத் துடைக்க வேண்டும், அழ அழக் குளிப்பாட்ட வேண்டும். பிறகு தூங்குகிற பிள்ளையின் உள்ளங்காலை முகர்ந்து பார்த்தால் அத்தனையும் மறந்துபோகும். இரண்டு வருஷமாக அவள் ஒரு டம்ளர் டீயைச் சூடாகக் குடித்ததில்லை.

அதனால்தான் மூன்று நாளைக்கு முன் குழந்தையின் நகங்கள் ஒட்ட வெட்டியிருந்தபோது, தூக்கக் கலக்கத்தில் தானே வெட்டியிருப்போம் என்று விட்டுவிட்டாள். மறுநாள் தலைவாரி, மை இட்டு, வயிறு நிறைந்து, பிள்ளை தானாகவே பாயில் தூங்கிக் கிடந்தது. பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை. பக்கத்திலேயே படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். யாரோ தனக்கும் போர்த்திவிட்டதுபோல் அப்படியொரு தூக்கம்.

இப்போது பிள்ளையின் வாயை முந்தானையால் துடைத்துவிட்டாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு, முகத்தில் தண்ணீர் அடித்துக்கொள்ளப் பாத்ரூமுக்குள் போனாள். குழாயைத் திறந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. வெளியே தாழ்ப்பாள் கிரீச்சென்று நகர்ந்து விழுந்தது.

"பாப்பா, தொறடி. வெளையாடாத."

அடுப்பில் பால் இரையத் தொடங்கியது.

"பாப்பா! அடுப்பாண்ட போவாத! அம்மாகிட்ட வா!"

கதவை இடித்தாள், தோளால் மோதினாள். கீழ்வீட்டுக்காரர்கள் பண்ருட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். மேலே இருந்த கையகல வென்டிலேட்டர் வழியாகக் கத்தினால், பின்புறக் காலி மனையும் வெயிலில் காய்ந்த கருவேல முள்ளும்தான் கேட்டன. பால் பொங்கி வழிந்து தீயில் சுரீரென்றது. தீய்ந்த வாசனை கதவிடுக்கு வழியாக உள்ளே வந்தது.

டக்.

யாரோ அடுப்பை அணைத்தார்கள்.

அவள் கை கதவிலேயே நின்றது. தாழ்ப்பாள் எங்கே இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. அவளுடைய தோளுக்கும் மேலே.

பாலை டம்ளரில் உயர்த்தி ஆற்றுகிற சத்தம். அவசரமே இல்லாத சத்தம். குழந்தை கிளுகிளுவென்று சிரித்தாள். பிறகு ஹாலில் போன் அடித்தது. மூன்று தடவை. எடுக்கப்பட்டது.

"சொல்லுங்க... இல்லங்க, பாப்பா சாப்டுட்டா. இன்னிக்கி படுத்தவே இல்ல."

இசைவாணியின் குரல்தான் அது. ஆனால் களைப்பில்லாமல் இருந்தது.

"நீங்க மெதுவா வாங்க. நான் பாத்துக்கறேன்."

"ராஜவேலு!" அவள் தொண்டை கிழியக் கத்தினாள். "அது நான் இல்ல! ராஜவேலு!"

போன் வைக்கப்பட்டது.

குட்டிக் கால்கள் தத்தித் தத்திக் கதவருகே வந்தன. இசைவாணி ஈரத் தரையில் குப்புறப் படுத்து, கதவடி இடுக்கில் விரல்களை நீட்டினாள்.

"தங்கம். அம்மாடி. இங்க பாரு."

சின்ன விரல் ஒன்று அவள் விரலைத் தொட்டது. தொட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டது.

"ம்மா, சில்லுன்னு இருக்குது."

"அங்கல்லாம் கை வெக்கக்கூடாது, கண்ணு," என்றது வெளியே அந்தக் குரல்.

"உள்ள யாரோ அழுவுறாங்கம்மா."

"யாருமில்லடி."

குட்டிக் கால்கள் தரையை விட்டு எழும்பின. இடுப்பில் தூக்கிக்கொண்ட சத்தம். ஒரு முத்தம்.

இடுக்கில் இரண்டு பெரிய கால்கள் மட்டும் தெரிந்தன. இடது கட்டைவிரலில், சின்ன வயதில் அரிவாள்மனை பட்டு அவளுக்கு ஏற்பட்ட அதே தழும்பு.

அவை நகரவில்லை. பத்து விரல்களும் கதவைப் பார்த்தபடி நின்றன.