ஒன்பதாவது பவளம்

கழன்ற பவளம் கீழேதான் கிடக்க வேண்டும். எர்மெக் குனிந்து, கண்ணாடியில் மூக்கு படும்படி, தொட்டியின் அடிமணலை இடமிருந்து வலமாக ஒரு முறையும் வலமிருந்து இடமாக ஒரு முறையும் பார்த்தான். இல்லை. நேற்று பாறையின் நடுவில், அந்தக் கறுப்புத் துவாரத்தின் விளிம்பில் அவன் ஒட்டிவிட்டுப் போன ஆரஞ்சுப் பவளம், ஒட்டிய இடத்துக்கு ஒரு சாண் மேலே, பாறை மடிப்பில் செருகி நின்றது.

விழுகிற எதுவும் மேலே போகாது. ஒருவேளை தானே அங்கேதான் ஒட்டினோமோ என்று நோட்டைத் திறந்தான். தன் நினைவை அவன் அவ்வளவாக நம்புவதில்லை; அதனால்தான் எல்லாவற்றையும் எழுதி வைத்தான். 'ஒன்பது: ஆரஞ்சு. துவாரத்தின் கீழ் விளிம்பு. அறுபது எண்ணும்வரை அழுத்தினேன். அசையவில்லை.' நேற்றைய கையெழுத்தில் சந்தேகமே இல்லை.

"உங்க வேலைதானே இது?" என்றான் தொட்டிக்குள் இருந்த இரண்டு இறால்களையும் பார்த்து.

சிவப்பு உடம்பு, முதுகு நெடுக ஒரு வெள்ளைக் கோடு, உடம்பைவிட நீளமான வெள்ளை மீசைகள். பெரிய மீன்களின் வாய்க்குள் புகுந்து பல்லிடுக்கைச் சுத்தம் செய்கிற சாதி. வாங்கி வந்த முதல் நாள் அவற்றைப் பிடித்திருந்தது. இன்று ஐந்தாவது நாள். முதல் நாள் ஒன்று, பசை காய்வதற்குள் பவளத்தின் மேல் ஏறி உட்கார்ந்து அதைச் சாய்த்தது. இரண்டாம் நாள் இன்னொன்று அவன் உருட்டி வைத்திருந்த ஒட்டுக்களிமண்ணைக் கிள்ளித் தூக்கிக்கொண்டு பாறைக்குப் பின்னால் போய்விட்டது. மூன்றாம் நாள் ஒன்றின் மீசை பசையில் ஒட்டிக்கொள்ள, கத்தரிக்கோலால் நுனியை வெட்டி விடுவிப்பதற்குள் அரை மணி நேரம் போயிற்று. விடுவித்த மறுகணமே அது திரும்பி வந்து அவன் நகக்கண்ணைக் கொத்தத் தொடங்கியது. கையுறை போட்டால் கையுறை பசையில் ஒட்டுகிறது. வெறும் கையோடு போனால் இறால் ஒட்டுகிறது.

பிஷ்கெக்கில் அவன் வேலை செய்துகொண்டிருந்த புதிய பல் மருத்துவமனை நாளைக் காலை திறப்பதாக இருந்தது. காத்திருப்பவர்கள் அமரும் கூடத்தில் சுவர் நீளத்துக்கு, அவன் மார்பளவு ஆழத்தில் அந்தத் தொட்டி. அவன் தனியாகச் செய்யும் முதல் தொட்டி. மதியம் கடை முதலாளி ஷெர்ஷென் அனுப்பிய குரல்பதிவை இதற்குள் மூன்று முறை கேட்டுவிட்டான்.

"டேய் எர்மெக், நாளைக்குப் பத்து மணிக்கு டாக்டரோட ஆளுங்கல்லாம் வந்துருவாங்க. ஒன்பதும் நின்னுச்சுன்னா இந்தத் தொட்டி உன்னோடது, இனிமே எல்லாப் பெரிய தொட்டியும் உனக்குத்தான். நிக்கலேன்னா திரும்பக் கடையில வந்து மீனுக்குத் தீனி போடு. இறால் மேல மட்டும் பழி போடாத, கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப்போச்சு."

மணி நாலரை. ஜன்னலுக்கு வெளியே நிலக்கரிப் புகையும் பனியும் கலந்து தெரு சாம்பலாகியிருந்தது. தண்ணீரைச் சுழற்றும் மோட்டார்களை எர்மெக் நிறுத்தினான். கூடத்தில் ஓசை குறைந்தது; நுரை தள்ளும் இயந்திரம் மட்டும் ஓடியது. அப்போதுதான் அந்த வாசனை வந்தது: காய்ந்த எண்ணெய், பொரியும் மாவு.

"எஜே," என்று அக்கா முறை வைத்துப் பின்பக்கச் சமையலறையைப் பார்த்துக் கூப்பிட்டான். "கதவைச் சாத்துங்க. எண்ணெய்ப் புகை தண்ணிக்குள்ள போகுது."

வரவேற்பு மேசையில் வேலைக்குச் சேர்ந்திருந்த சைக்கால், நாற்பது வயதுக்காரி, கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "காத்துல போறது எப்படிடா தண்ணிக்குள்ள போகும்?"

"அந்த நுரை தள்ளுற மிஷின் இந்தக் கூடத்துக் காத்தைத்தான் இழுத்துத் தண்ணில கலக்குது. பாருங்க, எப்படிப் பொங்குதுன்னு."

"போகட்டும் விடு. இன்னைக்கு வியாழக்கிழமை, செத்தவங்க வர்ற நாள். போர்சோக் பொரிச்சு வாசனை கிளப்பாம புது இடத்தைத் திறந்தா, அவங்க பசியோடதானே திரும்பிப் போவாங்க? அவங்க சாப்பாடே அந்த வாசனைதான்."

"மீன் தொட்டில யாரு எஜே செத்தவங்க?"

"நீதானே அன்னைக்குச் சொன்ன, இந்தப் பாறை பூராவும் கோடிக்கணக்கான பூச்சியோட எலும்புன்னு. அதுங்களுக்கு மட்டும் பொரிச்சுப் போட யாரு இருக்கா?" சிரித்துக்கொண்டே வந்து, சூடான போர்சோக் மாவுத்துண்டு ஒன்றை அவன் வாயில் திணித்தாள். "மூஞ்சைப் பாரு, கல்யாணத்துல பொண்ணைத் தொலைச்சவன் மாதிரி. தின்னுட்டு ஒட்டு."

அவள் போனாள். கதவைச் சாத்தவில்லை. எர்மெக் மென்றபடி, உதட்டில் வழிந்த எண்ணெயைத் தோளில் துடைத்துக்கொண்டு, அன்றைய திட்டத்தை எழுதினான். முதலில் இறால்களை அகற்ற வேண்டும். குஞ்சு மீன்களைப் பிரித்து வைக்கும் துளைபோட்ட பிளாஸ்டிக் பெட்டியைக் கண்ணாடி ஓரமாக மிதக்கவிட்டான். இவ்வளவு நாளாகக் கைக்குச் சிக்காமல் அலைக்கழித்தவை, இன்று வலையைக் காட்டியதும் தாமாகவே நடந்து அதில் ஏறிக்கொண்டன. பெட்டிக்குள் விட்டு மூடியைப் போட்டு அழுத்தினான். இதை முதல் நாளே செய்திருக்கலாம். ஐந்து நாள் முட்டாள்தனம்.

இறால் இல்லாமல் வேலை எவ்வளவு சுலபம். ஆரஞ்சைத் தவிரக் கழன்றிருந்த மற்ற இரண்டு பவளங்களை எடுத்தான். பவளத்தைத் தாங்கும் வெள்ளைப் பீங்கான் அடியைத் துடைத்து, பசை, களிமண், மறுபடி பசை என்று வைத்து, அழுத்தி, அறுபது எண்ணினான். நின்றன. எட்டும் நின்றுவிட்டன. பின்வாங்கிப் பார்த்தபோதுதான், முதல் நாள் நோட்டில் படம் வரைந்து அவன் குறித்திருந்த இடங்களில் அவை இல்லையோ என்று தோன்றியது. பொத்தான் அளவு வெள்ளைப் பீங்கான் அடிகள் துவாரத்தைச் சுற்றி மேலும் கீழுமாக வளைந்து நின்றன. ஒவ்வொன்றையும் அவன்தான் வைத்தான். ஆனால் இந்த ஐந்து நாளில், கழன்றதையெல்லாம் கிடந்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஒட்டி ஒட்டி, எரிச்சலில் படத்தைப் பார்ப்பதையே விட்டிருந்தான். பரவாயில்லை. நாளை வருகிறவர்களுக்குப் படம் தெரியாது.

பெட்டிக்குள் இறால்கள் இரண்டும் துவாரத்தைப் பார்த்துத் திரும்பி நின்றன. முன்னும் பின்னுமாக ஆடின. சுத்தம் செய்து கொள்ள வா என்று பெரிய மீனைக் கூப்பிடும்போது ஆடுகிற ஆட்டம். அந்தத் தொட்டியில் பெரிய மீன் எதுவும் கிடையாது.

மீதி ஒன்றுதான். ஆரஞ்சு. முக்காலியில் ஏறி, சட்டையைக் கழற்றி, வலது கையைத் தோள்வரை விட்டான். கன்னம் தண்ணீரைத் தொட்டது. தண்ணீரில் உப்பு வாடையைவிட எண்ணெய் வாடைதான் தூக்கலாக இருந்தது. பவளத்தைத் துவாரத்தின் கீழ் விளிம்பில் வைத்து, இரண்டு விரல்களை உள்பக்கமாகக் கொடுத்துப் பாறையோடு சேர்த்து அழுத்தினான்.

ஒன்று. இரண்டு. மூன்று.

சமையலறையில் எண்ணெய் இரைந்தது. சைக்கால் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பாட்டா, பிரார்த்தனையா என்று தெரியவில்லை.

பதினெட்டில் நகக்கண்ணில் ஒரு கிள்ளல்.

பழகிய கிள்ளல். மெல்லியது, அவசரமில்லாதது. இந்தச் சனியன்கள் எப்படியோ வெளியே வந்துவிட்டன என்று பல்லைக் கடித்துக்கொண்டு, தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓட்டினான். பெட்டி மூடியிருந்தது. உள்ளே ஒன்று. இரண்டு.

இருபத்தாறு. அடுத்த விரல்.

மூன்றாவது இறால் ஒன்று பாறையோடு வந்திருக்கலாம். அப்படி வருவதுண்டு. நோட்டில் எழுத வேண்டும். கையை எடுத்துவிடலாம். எடுத்தால் பவளம் விழும். விழுந்தால் நாளைக் காலை, ஷெர்ஷென், மீன் தீனி.

எடுக்கவில்லை.

நாற்பது. தோலைப் பிரித்தெடுப்பது தெரிந்தது. வலியில்லை. ஒழுங்காக, நகத்தின் ஒரு ஓரத்தில் தொடங்கி மறு ஓரம்வரை. பிறகு அடுத்த நகம்.

ஐம்பத்தொன்பது. அறுபது.

கையை இழுத்தான். வரவில்லை.

பசை. விரல்கள் இரண்டும் உள்ளே பாறையோடு ஒட்டியிருந்தன. இது நடப்பதுதான். தோல் போகும், அவ்வளவுதான். இன்னும் பலமாக இழுத்தான். பவளம் அசையவில்லை. மற்ற எட்டும் அசையவில்லை. ஐந்து நாளில் முதல்முறையாக எல்லாம் உறுதியாக நின்றன.

துவாரத்திலிருந்து ஒரு வெள்ளை மீசை வெளியே வந்தது.

மணிக்கட்டைத் தொட்டது. முழங்கையைத் தொட்டது. இன்னும் வந்துகொண்டே இருந்தது. பின்னாலேயே இரண்டாவது. செருப்பு வாரின் தடிமன். கை வழியாகவே மேலேறின, தடவி, நிறுத்தி, தடவி. பெட்டிக்குள் இருந்தவை ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் தலை தாழ்த்தின.

தோள். கழுத்து. தண்ணீருக்கு வெளியே.

ஈரமான நுனி அவன் மோவாயைத் தொட்டு, உதட்டோரத்துக்கு வந்து, அங்கே காய்ந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கில் நின்றது.

எர்மெக் வாயை இறுக மூடினான். மூச்சையும். நுனி உதட்டின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை போய்த் திரும்பியது. அவசரமே இல்லை. அதற்குக் காத்திருக்கத் தெரிந்தது.

"எர்மெக்," சமையலறையிலிருந்து சைக்காலின் குரல். "ஒட்டிருச்சாடா?"

அவளைக் கூப்பிட வாயைத் திறந்தான்.

மீசை உள்ளே நுழைந்தது. குளிர்ச்சியாக, நாக்கைத் தாண்டி, கடைவாயின் கடைசிப் பல்வரை போயிற்று. அங்கே சுத்தம் செய்யத் தொடங்கியது.

"என்னடா, சத்தத்தையே காணோம்? தின்னுக்கிட்டு இருக்கியா?"

ஆரஞ்சுப் பவளத்துக்குப் பின்னால், இருட்டில், உள்ளே இருந்த அது வெளிப்பக்கமாக ஒரு கால் எடுத்து வைத்தது.